'சரி சார்' என்றது ரெகுலேட்டர்

திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். நீராவி வால்வைத் திறந்த உடனே தண்ணீர் 60 டிகிரி ஆகிவிடாது. நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு டிகிரியாகத்தான் ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பையர் முகமும் அதே கலருக்கு மாறும்.

இதே சமாசாரம் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்குள்ளும் நடக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு அஸ்திவாரம், லினக்ஸ் கெர்னல். கேமரா, மெமரி கார்டு, பிராசஸர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வோல்டேஜ் கேட்கும். அளந்து கொடுப்பது ரெகுலேட்டர். அதை மேய்ப்பதற்கென்றே ஒரு பகுதி 2008-ல், 2.6.27 பதிப்பில் கெர்னலுக்குள் வந்து சேர்ந்தது.

கெர்னல், 'வோல்டேஜை ஏற்று' என்று உத்தரவு போடும். ரெகுலேட்டர் 'சரி சார்' என்கும். 'சரி சார்' என்றால் வேலை முடிந்துவிட்டதா என்ன? ஆபீஸில் இருக்கிற உங்களுக்குத் தெரியாததா! மைக்ரோ செகண்டுக்கு 12.5 மில்லிவோல்ட் ஏறும் ரெகுலேட்டர் என்றால், 0.8 வோல்ட்டிலிருந்து 1.2-க்குப் போக 32 மைக்ரோ செகண்ட் பிடிக்கும். அதற்குள் பிராசஸரை 'ஓடுறா' என்று விரட்டினால் போன் உறைந்து நிற்கும். அதுவும் தினம் நிற்காது; என்றைக்கோ ஒரு நாள். பழுது பார்க்கிறவர் மேஜைக்குப் போனால் பரம சாதுவாக ஓடும்!

சோம்பேறி வைத்தியம் ஒன்று உண்டு: எல்லா இடத்திலும் தாராளமாகக் காத்திருக்கச் சொல்லிவிடுவது. போன் ஆமையாகிவிடும். நல்ல வைத்தியம், டேட்டா ஷீட்டைப் புரட்டி, ஏறும் வேகத்தைக் கெர்னலுக்கு எழுதிக் கொடுப்பது. மிச்சக் கணக்கை அதுவே போட்டு, தேவையான நேரம் மட்டும் நிற்கும்.

அணைப்பதிலும் வம்பு உண்டு. கரண்ட் போய் வந்தால் பிரிட்ஜ் ஸ்டெபிலைசர் மூணு நிமிஷம் அடம் பிடிக்குமே, அந்த ஜாதி. சில ரெகுலேட்டர்களை அணைத்தால் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் மறுபடி போடலாம். கெர்னல் அதைக் கடிகாரம் பார்த்து எண்ணும். வேடிக்கை என்னவென்றால், அது பார்த்த கடிகாரம், மெஷின் தூங்கும்போது தானும் தூங்கிவிடுகிற ரகம்! ராத்திரி முழுக்க அணைந்து கிடந்தாலும், விடிந்ததும் 'இப்பத்தானே அணைச்சேன்' என்று வீணாகக் காத்திருந்தது. 2023-ல், தூங்கிய நேரத்தையும் சேர்த்து எண்ணுகிற கடிகாரத்துக்கு மாற்றினார்கள்.

ஷிப்மென்ட் மெயில் அனுப்புகிற நேரம் பார்த்துப் போன் உறைந்தால், தூக்கி எறியாதீர்கள். உள்ளே யாரோ 'சரி சார்' சொல்லியிருப்பார்கள். யாரோ அதை நம்பியிருப்பார்கள்.