இழப்பீடு கருணையல்ல, உரிமை!

பீகாரின் ருதுல் ஷாவை நீதிமன்றம் 1968இல் விடுதலை செய்தது. சிறைக்கதவு திறந்ததோ 1982இல்தான். பறிக்கப்பட்ட 14 ஆண்டுகளுக்கு, 1983இல் உச்சநீதிமன்றம் கணக்கிட்ட இடைக்கால இழப்பீடு 35 ஆயிரம் ரூபாய்! தொகை அற்பமே. எனினும், அரசியலமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவின் கீழ் அரசிடமிருந்தே இழப்பீடு பெறும் வழியை அத்தீர்ப்பு திறந்தது. 226ஆவது பிரிவின் கீழ் உயர்நீதிமன்றங்களையும் நாடலாம். அடிப்படை உரிமையை மீறிய அரசு இறையாண்மையின் பின்னே ஒளிய முடியாது என்பதை, ஒடிசா காவல் மரணம் தொடர்பான நீலாபதி பெஹரா வழக்கு 1993இல் உறுதிசெய்தது.

ஆனால், இவ்வழி நீதிபதிகளின் விருப்புரிமையைச் சார்ந்தே நிற்கிறது. அக்ஷர்தாம் வழக்கில் 2014இல் குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டோரின் இழப்பீட்டுக் கோரிக்கையை, 2016இல் அதே உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது.

பொய் வழக்குகளில் சிக்கவைக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு வழங்கச் சட்ட ஏற்பாடு தேவையென 2018இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. மோடி அரசு செய்தது என்ன? காலனியச் சட்டங்களை ஒழிப்பதாக முழங்கி 2023இல் நிறைவேற்றிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதற்கு இடமே தரவில்லை. அதிகாரிகள் மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டும் என்ற காலனிய ஏற்பாட்டை மட்டும் பத்திரமாகத் தக்கவைத்தது.

இழப்பீட்டைச் சட்ட உரிமையாக்காத அரசு அடுத்த பொய் வழக்குக்கும் அச்சமின்றித் துணியும். அவ்வுரிமையை வென்றெடுப்பது ஜனநாயக இயக்கங்களின் உடனடிக் கடமை.