கொழுந்தெடுக்கும் கைக்கு வரும் வலி

பூண்டுலோயா மலைகளில் கொழுந்தெடுக்கும் சகோதரிகளுக்கு முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் வலி புதிதல்ல. துணி பிழிந்தாலும் தண்ணீர் வாளியைத் தூக்கினாலும் சுரீர் என்கிறது. டொக்டர்கள் இதை 'டெனிஸ் எல்போ' என்பார்கள். டெனிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது! மணிக்கட்டை உயர்த்தும் தசைகள் முழங்கை எலும்பில் ஒட்டும் இடத்தில், ஓயாத வேலையால் தசைநாண் நைந்து போகிறது.

எண்ணெய் தேய்த்தால் சுகமாக இருக்கும், நைந்தது தேறாது. ஊசி போட்டால் வலி சீக்கிரம் குறையும், ஆனால் சில மாதங்களில் திரும்பி வருவதும் ஊசி போட்டவர்களுக்கே அதிகம். பயிற்சிதான் நல்லது. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள். மறு கையால் அதை உயர்த்தி, பிறகு தானாக மெல்ல மெல்ல இறக்குங்கள். தினமும் பத்துப் பதினைந்து தடவை. பழகியபின் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். குணமாக மாதங்கள் எடுக்கும். நிறை குறைந்தால் அரைப் பேர்தான் என்று வலியோடு மலையேறுவதால் அது இன்னும் நீளும்.

தோள் இறுகி, தலை பின்னக்கூடக் கை எழவில்லையா? சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது அதிகம். இரத்தத்தில் சீனியையும் பாருங்கள்.

வழுக்கி விழுந்து தோள் விலகினால் யாரையும் இழுக்க விடாதீர்கள். துணியால் கையைக் கழுத்தோடு தாங்கிக் கட்டி வைத்தியசாலைக்குப் போங்கள். வேலையில் நடந்த விபத்தால் ஊனம் ஏற்பட்டால், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்கலாம். அன்றைக்கே தோட்டக் காரியாலயத்தில் விபத்தைப் பதியச் சொல்லுங்கள். வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.