வயித்துப் புள்ளைக்கும் வெயில் சுடும்

திருவண்ணாமலையை அக்கினித் தலம் என்கிறார்கள். நெருப்புத் தூணாக நின்ற சிவனின் அடியைத் தேடி விஷ்ணு பன்றியாகி மண்ணைத் தோண்டிப் போனார் என்று தலபுராணம் சொல்லுது. கல்லில் செதுக்கிய பன்றிக்குக் கும்பிடு. சேரியில் மேயும் பன்றிக்குக் கல்லடி. அதை வளர்ப்பவர்களுக்கு 'பன்னி மேய்க்கிறவன்' என்று வசவு. இந்த ஊரில் பன்றியைப் பற்றித் தலையங்கம் எழுத இதுவே போதும். ஆனால் இப்போது எழுதுவது வெயிலுக்காக.

பன்றி ஏன் சேற்றில் புரளுது? அழுக்கு மேல் ஆசை வைத்தா? இல்லை. உடம்பைக் குளிரவைக்கும் அளவுக்கு அதற்கு வேர்க்காது. பூசிய சேறு காயக் காய உடம்புச் சூடு இறங்குது. நமக்கு வேர்வை எப்படியோ, அதற்குச் சேறு அப்படி. சுகாதாரக்கேடு என்று சொல்லிக் குட்டையைத் தூர்த்துவிட்டு, தகரக் கூரைக்கு அடியில் அடைத்தால் அது வெந்துபோகும். சினையாக இருந்தால் குட்டியும் சேர்ந்து வேகும்.

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். பங்குனிப் பிறப்பில் சேர்ந்தது ஆனியில்தான் ஈனும். அதாவது கத்திரி வெயில் முழுவதும் அதன் வயிற்றுக்குள்ளேதான் கழியுது. வெயில் ஏறினால் தாய் தீனியைக் குறைக்கும். சூட்டை வெளியே தள்ள ரத்தம் தோலுக்கு ஓடும், கருப்பைக்குப் போவது குறையும். சினையான முதல் மாதத்தில் இப்படி ஆனால் கருக்கள் கலைந்து குட்டிகள் குறையும். கடைசி மாதத்தில் ஆனால் செத்துப் பிறப்பவை கூடும்.

பிழைத்துப் பிறந்த குட்டியையும் அந்த வெயில் விடுவதில்லை. அமெரிக்காவில் சினைப்பன்றிகளைச் சூடான அறையில் வைத்து, பிறந்த குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வளர்ந்த பிறகும் அவற்றின் உடம்புச் சூடு மற்றவற்றைவிடக் கூடுதலாக இருந்தது. பெரிசாகும்போது சதைப்பிடிப்பு குறைந்து கொழுப்பு ஏறியது. தாய் பட்ட வெயிலைக் குட்டி ஆயுசுக்கும் சுமக்குது.

இரண்டு பன்றி வைத்திருக்கும் அம்மாவுக்கு அதுதான் சேமிப்பு. பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதில்தான். 2021-ல் திருத்திய தேசிய கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு 30 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. அதற்கு 100 பெட்டை, 10 கிடா வேண்டும். நான் வங்கியில் எழுத்தர். அந்தக் காகிதத்தைப் படித்தால் சேரியில் இருக்கும் இரண்டு பன்றிக்கு அதில் இடமில்லை என்பது தெரியும். அந்த அம்மாவுக்குத் தேவை லட்சங்கள் அல்ல. ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு தண்ணீர்க் குழாய், சேறு கலக்க ஒரு குழி.

'பன்றியைச் சொல்லிக்கொண்டே பொம்பளைங்க பக்கம் வரப்போறியா?' என்று கோபப்படலாம். வரத்தான் போகிறேன். நம்மைப் பன்றி என்று திட்டியவர்கள், பன்றிக்கு நிழல் கேட்டதும் இல்லை, நம் பெண்களுக்குக் கேட்டதும் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-ல் தொடங்கித் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். கழனி, செங்கல் சூளை, உப்பளம் என்று கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. சூளையில் கல் சுமப்பவர்கள் யார் வீட்டுப் பெண்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாநில அரசின் மகப்பேறு உதவி 18,000 ரூபாய். ஒன்பது மாதத்துக்குப் பிரித்தால் நாளைக்கு 70 ரூபாய்கூட வராது. அதை நம்பி எவள் வேலைக்குப் போகாமல் இருப்பாள்? வேலைக்குப் போகாதே என்று அறிவுரை சொல்வது சுலபம். கர்ப்பிணிக்கு உச்சிவெயில் நேரத்தில் கூலி பிடிக்காத ஓய்வு, வேலையிடத்தில் நிழல், குடிக்கத் தண்ணீர் என்று சட்டம் போட்டு அமல்படுத்துவதுதான் அரசின் வேலை.

வெயில் எல்லாருக்கும் பொது என்பார்கள். நிழல் பொது இல்லை தோழர்களே. குளமும் மரமும் யார் கையில் இருக்கு என்பதைப் பொறுத்தே வெயில் சுடுது. பிறந்த பிறகு சாதி சுடும் என்று இதுவரை பேசினோம். பிறக்கும் முன்பே சுடுவதையும் இனிப் பேசுவோம்.