எந்தப் பேட்டை?

திருநெல்வேலி ஜங்ஷனில் ஆட்டோ ஏறி, “பேட்டைக்குப் போகணும் அண்ணாச்சி” என்றால் போதும். வண்டி டவுனைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிடும். இதையே சென்னை எழும்பூரில் சொல்லிப் பாருங்கள். சைதாப்பேட்டையா, ராயப்பேட்டையா, தேனாம்பேட்டையா என்று கேட்பார்கள். (ரஜினி ரசிகராக இருந்தால் வேறு பேச்சே தொடங்கிவிடும்.) ஊருக்கு ஊர் ஒரு பேட்டை இருக்கும்போது, முன்னால் ‘திருநெல்வேலி’ என்று சேர்த்தால்தான் நம்ம பேட்டை எது என்று தெரியும்.

இணைய முகவரியிலும் இதே கதைதான். போனில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள முகவரிக் கட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். சாய்கோடு போட்டுப் போட்டு ஒரு நீள வரி தெரியும். ஒரு பள்ளிக்கூட ஆப் என்று வைத்துக்கொள்வோம். ‘பள்ளிகள்/12/வகுப்புகள்/7/மாணவர்கள்/45’ என்று இருந்தால், 12-ம் எண் பள்ளி, அதற்குள் 7-ம் எண் வகுப்பு, அதற்குள் 45-ம் எண் மாணவர். சம்புடத்துக்குள் சம்புடம் வைக்கிற மாதிரி. கம்ப்யூட்டர்காரர்கள் இதை ‘நெஸ்டிங்’ என்பார்கள். ரூபி ஆன் ரெயில்ஸ், லாராவெல் போன்ற ஃப்ரேம்வொர்க்குகளில் சில வரிகள் எழுதினாலே இந்த முகவரிகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவ்வளவு சுலபம் என்பதாலேயே பல பேர் அளவு தெரியாமல் அடுக்கிவிடுகிறார்கள்.

அடுக்கினால் என்ன கெட்டுப்போகும்? நம் மாவட்டத்து நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசின் இணையதளத்தில் பட்டா பார்க்கப் போனால் முதலில் மாவட்டம் கேட்கும். பிறகு வட்டம், பிறகு கிராமம். அதற்கப்புறம்தான் பட்டா எண்ணோ, சர்வே எண்ணும் உட்பிரிவுமோ. இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சர்வே எண் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் தனித்தனியாக 1-லிருந்து தொடங்கும். ‘சர்வே எண் 45’ என்று மொட்டையாகச் சொன்னால், எந்தப் பேட்டை என்று கேட்ட கதைதான்.

ஆனால் 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. ஆலங்குளம், சங்கரன்கோவில், கடையநல்லூர் எல்லாம் அந்தப் பக்கம் போயின. நிலம் ஓர் அடி நகரவில்லை. வரப்பு அதே வரப்பு, கிணறு அதே கிணறு. முகவரியின் முதல் சொல் மட்டும் மாறிவிட்டது. பேட்டையில் குடியிருந்துகொண்டு ஆலங்குளம் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பம், பத்திரத்தில் உள்ளபடி ‘திருநெல்வேலி’ என்று தேர்ந்தெடுத்தால் ஊரே வராது. இது புதிதும் இல்லை. 1986-ல் தூத்துக்குடி பிரிந்தபோது ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கு இதேதான் நடந்தது. தாத்தா காலத்துப் பத்திரத்தில் ஒரு மாவட்டம், பேரன் போனில் இன்னொரு மாவட்டம்.

ஒரு ஆப்பில் இப்படி மாவட்டத்தையும் வட்டத்தையும் முகவரிக்குள் வைத்துத் தைத்துவிட்டால், மாவட்டம் பிரிகிற அன்றைக்கு எல்லா லிங்க்கும் செத்துப்போகும். வாட்ஸ்அப்பில் மகன் அனுப்பியது, அம்மா சேமித்து வைத்தது, வக்கீல் குறித்துக்கொண்டது எல்லாமே. பள்ளி ஆப்பிலும் அப்படித்தான்: 45-ம் எண் பிள்ளை 7-ம் வகுப்பிலிருந்து 8-க்குப் போனதும் பழைய லிங்க் ‘இப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று கையை விரிக்கும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரி மாறக் கூடாது என்று 1998-லேயே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். இன்னும்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ரெயில்ஸ் பழகியவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஓர் அடுக்குக்கு மேல் போகாதே. ‘7-ம் வகுப்பில் யார் யார்?’ என்று பட்டியல் கேட்கும்போதும், அந்த வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போதும் வகுப்பு எண் வேண்டும். பிள்ளை சேர்ந்து 45 என்று தனி எண் கிடைத்த பிறகு, ‘மாணவர்கள்/45’ போதும். அவன் எந்த வகுப்பு, எந்தப் பள்ளி என்பதை ஆப் தன் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். லாராவெல்லிலும் இதே வசதி இருக்கிறது. பழைய முகவரியை மாற்றியே தீரவேண்டும் என்றால், அதில் வருகிறவரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடவும் வழி உண்டு. வீடு மாறியவருக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் புது வீட்டில் சேர்ப்பது போல.

நம் பின்கோடைப் பாருங்கள். 1972-ல் வந்தது. தென்காசி 627811. மாவட்டம் பிரிந்தும் அந்த 627 அப்படியே இருக்கிறது. தபால் பிரிக்கிற வேலைக்காக அமைந்த எண் அது. கலெக்டர் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மத்திய அரசு 2021-ல் தொடங்கிய நில அடையாள எண்ணும் இந்த வழிதான். 14 இடம் கொண்ட அந்த எண்ணை, நிலம் பூமியில் எங்கே இருக்கிறது என்ற அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். மாவட்டம் எத்தனை தடவை பிரிந்தாலும் அட்சரேகை பிரியாது. சரியான யோசனை என்பது என் கட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷார். முகவரியில் 45-ஐ அழித்துவிட்டு 46 போட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க் தெரிந்துவிடக் கூடாது. ‘பள்ளியின் எண்ணும் சேர்ந்தல்லவா இருக்கிறது, பத்திரமாக இருக்கும்’ என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்காது. கேட்பவருக்கு 46-ஐப் பார்க்க உரிமை உண்டா என்று ஆப் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். முகவரி நீளமோ குட்டையோ, அந்தச் சோதனை இல்லாவிட்டால் பூட்டாத வீடுதான்.

பேட்டை இந்துக் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்து, புராஜெக்ட் என்று ஏதாவது ஆப் செய்துகொண்டிருந்தால், முகவரியில் எத்தனை சாய்கோடு போட்டிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பட்டா பார்க்கப் போகிறவர்கள், பழைய பத்திரத்தில் எப்படி இருந்தாலும் ஆலங்குளத்துக்குத் தென்காசியையும் ஸ்ரீவைகுண்டத்துக்குத் தூத்துக்குடியையும் தேர்ந்தெடுங்கள். பக்கம் திறந்ததும் லிங்க்கை மட்டும் சேமிக்காமல், பட்டாவையே டவுன்லோடு செய்து, ஒரு பிரிண்டும் எடுத்துப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.