டாங்கிள் வாங்குறதுக்கு முன்னாடி கால்குலேட்டரை எடுங்க

ஹாஸ்டலில் இப்போது ஒரு புது வியாதி பரவுகிறது. போனின் டைப்-சி ஓட்டையில் ஒரு குட்டி உலோகப் பெட்டி, அதிலிருந்து ஹெட்போன். "டாக்-ஆம்ப் மச்சி, சவுண்டு வேற லெவல்" என்று ஒருத்தர் சொன்னால் போதும், அடுத்த வாரம் அதே வராண்டாவில் மூணு பேர் கையில் அதே பெட்டி. விலையோ சில நூறில் ஆரம்பித்துப் பல ஆயிரங்களுக்குப் போகிறது. வீட்டிலிருந்து வரும் மாசக் காசில் இது சின்ன செலவு இல்லை.

வாங்கலாமா, வேண்டாமா? நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. யாருக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்க ரிவ்யூ வீடியோ தேவையில்லை. முதல் வருஷத்தில் படித்த ஓம் விதி போதும்.

அந்தப் பெட்டிக்குள் ரெண்டு வேலை நடக்கிறது. பாட்டு ஃபைலில் இருக்கும் எண்களை மின்னழுத்தமாக மாற்றுவது டாக். அந்த மின்னழுத்தத்துக்கு ஹெட்போனை ஓட்டும் வலு கொடுப்பது ஆம்ப்ளிஃபையர். உங்கள் போனிலோ லேப்டாப்பிலோ 3.5 மிமீ ஜாக் இருந்தால் இந்த ரெண்டும் ஏற்கெனவே உள்ளே இருக்கு. ப்ளூடூத் இயர்பட்ஸ் என்றால் ரெண்டும் அந்த பட்ஸுக்குள்ளேயே இருக்கு. அதற்குப் போய் வெளியிலிருந்து டாக் வாங்குவது சைக்கிளுக்கு டீசல் போடுகிற மாதிரி.

முதலில் ஆம்ப்ளிஃபையர். உங்கள் ஹெட்போன் பெட்டியில் ரெண்டு எண்கள் இருக்கும்: இம்பீடன்ஸ், சென்சிடிவிட்டி. 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டும் என்றால் 10 டெசிபல் கூடுதல், அதாவது பத்து மடங்கு பவர், 10 மில்லிவாட். பவரை ரெசிஸ்டன்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 0.57 வோல்ட். ஒரு வோல்ட் தரும் எந்தச் சாதாரண ஜாக்கும் இதைத் தாராளமாகத் தாண்டிவிடும். இதற்கு மேல் பவர் வாங்கினால் வால்யூம் ஸ்லைடரில் நீங்கள் தொடாத இடம்தான் அதிகமாகும்.

இப்போது 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 98 டெசிபல் உள்ள ஸ்டுடியோ ரக ஹெட்போனை எடுங்கள். அதே 110 டெசிபலுக்குக் கிட்டத்தட்ட 16 மில்லிவாட், 2.2 வோல்ட் வேண்டும். ஒரு வோல்ட் ஜாக்கில் 103 டெசிபலோடு நின்றுவிடும். இவருக்கு ஆம்ப்ளிஃபையர் நிஜமாகவே தேவை. சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 ரெண்டுமே 300 ஓம்தான். ஆனால் நம்ம தளத்தில் அப்படிப்பட்ட ஹெட்போன் எத்தனை பேரிடம் இருக்கு, சொல்லுங்க?

ஒரு எச்சரிக்கை. சில கம்பெனிகள் சென்சிடிவிட்டியை மில்லிவாட்டுக்குப் பதில் ஒரு வோல்ட்டுக்குப் போடும். 32 ஓம் ஹெட்போனில் ரெண்டுக்கும் இடையே 15 டெசிபல் வித்தியாசம். யூனிட் பார்க்காமல் கணக்குப் போட்டால் எக்ஸாமில் போன மார்க் இங்கே காசாகப் போகும்.

அடுத்து யாரும் பேசாத ஒரு எண்: அவுட்புட் இம்பீடன்ஸ். பல டிரைவர்கள் உள்ள இயர்போன்களின் இம்பீடன்ஸ் ஒரே எண் இல்லை, அலைவரிசைக்கு ஏற்ப மாறும். ஓர் இடத்தில் 8 ஓம், இன்னோர் இடத்தில் 40 ஓம் என்று வைப்போம். ஜாக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால், வோல்டேஜ் டிவைடர் போட்டுப் பாருங்கள், அந்த ரெண்டு இடங்களுக்கும் நடுவே 5 டெசிபல் சாய்வு வரும். ஒரு ஓம் என்றால் ஒரு டெசிபல்கூட வராது. ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். "வேற லெவல்" என்று கேட்கும் மாற்றங்களில் சிலதுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். விளம்பரத்தில் 32 பிட் என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இந்த எண்ணைப் போடவில்லை என்றால், நாம்தான் கேட்க வேண்டும்.

அந்த 32 பிட் கதைக்கும் வருவோம். 1982-ல் வந்த சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். நைக்விஸ்ட் கணக்குப்படி 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவாகும். நம்ம காது 20-க்கு மேல் போகாது. 16 பிட் என்றால் சுமார் 96 டெசிபல் வீச்சு. மெஸ் ஹால் பக்கத்து ரூமில் படுத்துக்கொண்டு கேட்பவருக்கு அது மிக மிகத் தாராளம். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் ஹை-ரெசல்யூஷன் ஒலியையும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 49.8 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலும் இதே வரும். 2016-ல் ரீஸ் என்ற ஆய்வாளர் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். வித்தியாசமே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த நூலிழைக்கு ஒரு செமஸ்டர் புத்தகக் காசைக் கொடுப்பீர்களா என்பதுதான் கேள்வி.

"நான் கேட்டேன், வித்தியாசம் தெரிஞ்சுது" என்பவர்களிடம் சண்டை வேண்டாம். லேபுக்குக் கூட்டிப் போங்கள். ஒரே ஹெட்போனை மாட்டி, ஒரே டோனைப் போட்டு, ரெண்டு ஜாக்கிலும் வோல்டேஜை ஒரு சதவீதத்துக்குள் சமமாக்குங்கள். அது சுமார் 0.1 டெசிபல். லேசாகச் சத்தம் கூடியது எப்போதும் "நல்லா இருக்கு" என்றுதான் தோன்றும், அதனால் இந்தப் படியை விடக் கூடாது. பிறகு எது எதுவென்று சொல்லாமல் பதினாறு முறை மாற்றிக் கொடுங்கள். பன்னிரண்டுக்கு மேல் சரியாகச் சொன்னால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெட்டியையும் வாங்கச் சொல்லுங்கள்.

அப்போ யார் வாங்கலாம்? போனில் ஜாக்கே இல்லாதவர்கள், லேப்டாப் ஜாக்கில் இரைச்சலோ கீச்சொலியோ கேட்பவர்கள், கணக்கில் வோல்ட் பற்றாதவர்கள். முதல் ரெண்டு வகைக்கு மலிவான டாங்கிளே போதும். ஆனால் உள்ளே டாக் இல்லாத வெறும் ஒயர் அடாப்டரும் அதே உருவத்தில் விற்கிறது, எல்லா போனிலும் அது வேலை செய்யாது, பார்த்து வாங்குங்க. மற்றவர்கள் அந்தக் காசை நல்ல ஹெட்போனில் போடுங்கள். காதுக்குத் தெரியும் மாற்றம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கு.

கடைசியாக ஒரு கணக்கு. வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 98 டெசிபலில் கேட்டால் வாரம் முழுவதுக்கும் 37 நிமிஷம்தான். அதிகப் பவர் உள்ள பெட்டி அந்த எல்லையைத் தாண்டுவதை இன்னும் சுலபமாக்குகிறது. டாங்கிள் கெட்டால் வேற வாங்கலாம். உள்காதில் கெட்ட செல் திரும்ப முளைக்காது.