டிராவலா... இல்லையா?

கோயமுத்தூர்க்காரங்களுக்கு பாஸ்கெட்பால் பத்தி நான் சொல்லித் தர வேண்டியதில்லீங்க. பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைன்னு ஐ.ஓ.பி., இந்தியன் பேங்க் டீமெல்லாம் ஆடுறத கேலரில உக்காந்து பாத்தே வளர்ந்த கூட்டம் நாம. பந்தைப் பிடிச்சுட்டு எவனாவது ரெண்டு எட்டு வச்சா போதும், "டிராவல்ல்ல்"னு மொத்த கேலரியும் கத்தும். நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். கத்துறதுக்கு காசா பணமா? விசில் நம்ம கைக்கு வந்தாத்தான் தெரியும் சங்கதி.

2018-ல ஒரு பள்ளிகள் போட்டி. ரெஃப்ரி ஒருத்தர் வரலைன்னு, காலேஜ்ல ஆடுன தைரியத்துல நான் விசிலை வாங்கிட்டேன். ஒரு பக்கம் டவுன் ஸ்கூல். இன்னொரு பக்கம் பொள்ளாச்சிப் பக்கத்து கிராமத்துப் பசங்க, ஒரு பாயிண்ட் பின்தங்கி இருந்தாங்க. கடைசி நிமிசத்துல அதுல ஒரு பையன் பந்தைத் தட்டிட்டே ஓடி வந்து லே-அப் போட்டான். உள்ள போயிருச்சு. நான் விசிலடிச்சு ரெண்டு முஷ்டியையும் சுத்திக் காட்டிட்டேன். டிராவல், கூடை செல்லாது. தோத்துட்டாங்க.

அவங்க பி.டி. மாஸ்டர் கோவப்படாம வந்து கேட்டார்: "ஏனுங் சார், பந்து கைக்கு வந்ததுக்கப்புறம் எண்ணுனீங்களா, இல்ல காலை மட்டும் பாத்து எண்ணுனீங்களா?"

வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தைப் பாத்தேன். ஃபீபா 2017-லயே விதியை மாத்தியிருக்கு. ஓடிட்டே பந்தைக் கைக்குள்ள கொண்டு வர்ற நேரத்துல தரையில இருக்கிற கால் கணக்குல வராது, அது பூஜ்ஜியம். அதுக்கப்புறம்தான் ஒண்ணு, ரெண்டு. அந்தப் பையன் வச்சது அதேதான். முதல்ல கையைப் பாக்கணும், அப்புறம் காலை. நான் பழைய கேலரிக் கண்ணோட எண்ணிட்டேன்.

இதை விட உறுத்துறது இன்னொண்ணு. அதே மேட்ச்ல டவுன் டீம் பையன் ஒருத்தன் பந்துக்கு அடியில கையைக் குடுத்து, நிறுத்தி நிறுத்தி தட்டிட்டு இருந்தான். சுத்தமான கேரி. "அவன் ஸ்டைல் அது"ன்னு விட்டுட்டேன். ஒருத்தன் தப்புக்கு ஸ்டைல்னு பேரு, இன்னொருத்தன் சரியா ஆடுனதுக்கு விசில். அவனை முன்னாடியே நல்ல பிளேயர்னு தெரியும், இவனைத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"எல்லா கேரியையும் பிடிச்சா ஆட்டமே நடக்காதுங்க"ம்பாங்க. ஒத்துக்கறேன். விடுறதுன்னா ரெண்டு பக்கமும் விடுங்க, பிடிக்கிறதுன்னா முதல் நிமிசத்துல இருந்தே பிடிங்க. கடைசி நிமிசத்துல திடீர்னு சட்டம் பேசக் கூடாது. ஏன்னா இந்த விசிலுக்கு அப்பீலே கிடையாது. என்பிஏ-வுல 2019-ல வந்த கோச் சேலஞ்ச்லயும் டிராவலைக் கேள்வி கேக்க முடியாது. 2015-ல இருந்து கடைசி ரெண்டு நிமிசத்துல ரெஃப்ரிங்க பண்ணுன தப்பை அறிக்கையா போடுறாங்க, ஆனா ரிசல்ட் மாறாது. இருந்தாலும் தப்புன்னு ஒத்துக்கறாங்க பாருங்க.

நான் அதைக்கூட செய்யல. மாஸ்டர் கேட்டப்போ, "டிராவல்தாங்க"ன்னு சொல்லிட்டு ஸ்கோர் ஷீட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். அந்தப் பையன் ஷூ லேஸைக் கழட்டிட்டே என்னையே பாத்துட்டு இருந்தான்.

கேலரில இப்பவும் உக்காருறேன். கத்துறதில்ல. நீங்க விசில் பிடிச்ச ஆளா இருந்தா சொல்லுங்க, உங்க கண்ணு முதல்ல போறது கைக்கா, காலுக்கா, இல்ல பனியன்ல இருக்கிற பேருக்கா?