நடுவர் நாமானால்...

பத்தாம் வகுப்பு மாணவியருக்குக் கிடைக்கும் பெருமைகளில் ஒன்று, சிறிய வகுப்புப் பிள்ளைகளின் இல்லப் போட்டிகளில் நடுவராக நிற்பது. தேர்வுக்குப் படிப்பவர்களை விளையாட விடாவிட்டாலும் விசிலாவது ஊதட்டும் என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள் போலும்! கழுத்தில் விசிலோடு மைதானத்தில் நிற்கையில் எங்கள் உயரம் இரண்டு அங்குலம் கூடித்தான் விடுகிறது. ஆனால் எதிரே ஆடுவது நம் இல்லத்துப் பிள்ளைகள் என்றால்? உடன்பிறந்த தங்கையே என்றால்?

“மனம் சுத்தமாக இருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் நடுவராகலாம்” என்று சொல்வோர் உண்டு. நாங்கள் இதற்கு உடன்படவில்லை.

எறிபந்தை எடுத்துக்கொள்வோம். பந்தைப் பிடித்தவள் மூன்று வினாடிக்குள் எறிந்துவிட வேண்டும். நம் பள்ளி மைதானத்தில் அந்த மூன்று வினாடியை எண்ணுவது கடிகாரம் அன்று, நடுவரின் மனம். நமக்கு வேண்டிய பெண் பந்தோடு தடுமாறும்போது அந்த எண்ணிக்கை ஆமையாய் நகரும். எதிரணிப் பெண் தடுமாறினாலோ ரயிலாய் ஓடும். இதில் பொய்யோ சூதோ இல்லை. நடுவருக்கே தெரியாமல் நடப்பது இது. தெரியாமல் நடப்பதை மனச்சுத்தம் எப்படித் தடுக்கும்?

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. “அக்கா சலுகை காட்டினாள்” என்ற பேச்சு வந்துவிடுமே என்று அஞ்சி, தங்கை மேல் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடுவது! பார்ப்பவர்கள் “என்ன நேர்மை!” என்று மெச்சுவார்கள். அந்த ஆறாம் வகுப்புக் குழந்தையோ கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும். நடுவருக்குத் தங்கையாகப் பிறந்ததன்றி அவள் செய்த குற்றம் என்ன? அக்காவின் நற்பெயருக்காகத் தங்கையைத் தண்டிப்பதும் ஓரவஞ்சனையே.

பெரியவர்களின் ஆட்டத்திலும் இந்தத் தொல்லை இருந்தது. டெஸ்ட் கிரிக்கெட்டில் நெடுங்காலம், ஆட்டம் நடக்கும் நாட்டினரே நடுவர்களாக நிற்பது வழக்கம். தோற்றுப்போய்த் திரும்பும் அணிகள் நடுவர்களைக் குறை கூறுவதும் வழக்கம். 1986 நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதியபோது, நம் நாட்டின் வி.கே. ராமசுவாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் நடுவர்களாக நின்றனர். பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. சொந்த மண்ணில் தோற்றாலும் தோற்கட்டும், பழி வேண்டாம் என்று வெளியாரை நிறுத்திய துணிவை நாங்கள் மெச்சுகிறோம். 2002 முதல் டெஸ்ட் ஆட்டங்களில் இரு நடுவரும் பொதுநாட்டவராகவே இருக்கவேண்டும் என்றாயிற்று. 2020இல் கொரோனாவால் பயணம் தடைப்பட்டபோது உள்நாட்டு நடுவர்களை மீண்டும் நிறுத்த நேர்ந்தது. அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் வாய்ப்பை ஒவ்வோர் அணிக்கும் ஒன்று கூட்டிக் கொடுத்தார்கள்.

நம் பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்தா நடுவரை வரவழைக்க முடியும்? நான்கு இல்லங்களுள் சிவப்பும் நீலமும் ஆடினால் பச்சையோ மஞ்சளோ விசில் ஊதலாம் என்பது எளிய வழி. ஆனால் கடைசிச் சுற்றில் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். நீலம் தோற்றால் பச்சைக்குக் கேடயம் என்றிருக்கும்! அப்போது பச்சையும் பொது ஆள் இல்லை. அந்த ஆட்டங்களுக்கு மட்டுமாவது பழைய மாணவியரையோ, எந்த இல்லத்தையும் சேராத ஆசிரியையையோ அழைப்பது நல்லது. அதுவும் இயலாவிட்டால் எல்லைக்கோட்டில் எதிர் இல்லத்துப் பெண் ஒருத்தியை நிறுத்தி, இரு தலைவியருக்கும் ஆட்சேபம் கேட்கும் உரிமை தரவேண்டும்.

எப்படியிருந்தாலும், உறவை டாஸ் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இடைவேளையில் நடுவரிடம் வந்து, “எங்க பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் அன்பாகத்தான் சொல்கிறீர்கள். அதன்பிறகு விசிலை வாயில் வைக்கவே கூசுகிறது.

நம் ஸ்கோர் தாளில் தேதி, வகுப்பு, இல்லங்களின் பெயர் எழுத இடம் இருக்கிறது. “நடுவரின் இல்லம், ஆடுவோருள் உறவினர் எவரேனும்” என்று இன்னும் ஒரு வரி சேர்க்கும்படி உடற்பயிற்சி ஆசிரியையைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஆண்டுக்கான தாள்கள் இன்னும் அச்சாகவில்லை.